125 ரூபாய்: வக்கீல் தொழில் மாறிய வரலாற்றில் நம் இடம்



இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில், அதுவும் மீமிசலில், சட்ட நிறுவனங்களைப் பற்றி என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒப்பந்தங்களை இப்போது கம்ப்யூட்டரே படித்துப் பிழை சொல்கிறது, வெளிநாட்டு நிறுவனங்கள் கதவைத் தட்டுகின்றன, வக்கீல் தொழில் அடியோடு மாறப்போகிறது என்று ஆங்கிலப் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. இறால் பண்ணையில் கூலி பாக்கிக்கு நடப்பவருக்கும், பட்டாவில் பெயர் மாறிப்போனதற்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்பவருக்கும் இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. கடந்த 160 ஆண்டுகளில் இந்தத் தொழில் தன்னைப் பலமுறை மாற்றி அமைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அதன் வாசல் இடம் மாறியது. வாசலில் வாங்கும் கட்டணமும் மாறியது. புதிய ஏற்பாடோ புதிய கருவியோ தானாக வந்து நமக்குக் கதவு திறந்துவிட்டதாக ஒரு சம்பவத்தைக்கூட நான் பார்க்கவில்லை. சட்டத்தில் ஒரு வரி உரிமையாக எழுதப்பட்டு, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவர் கோர்ட்டில் நின்றபோது திறந்திருக்கிறது. அந்த வரி இல்லாத இடத்தில் அதே கருவி நம் பக்கமே திரும்பியிருக்கிறது. இன்று பேசப்போவது இதைத்தான்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. அப்போது தொழில் மூன்று அடுக்காக இருந்தது. மேலே பாரிஸ்டர், லண்டனுக்குக் கப்பலேறிப் படித்து வந்தவர். அடுத்து அட்டர்னி, கட்சிக்காரரைப் பார்த்து, கட்டைத் தயார் செய்து, பாரிஸ்டருக்கு 'பிரீஃப்' கொடுப்பவர். அதற்கும் கீழே வக்கீல், மாவட்டங்களிலிருந்து வரும் அப்பீல்களை நடத்துபவர். நகரத்துப் பெரிய வழக்குகள் நடக்கும் 'ஒரிஜினல் சைடில்' அட்டர்னி இல்லாமல் பாரிஸ்டர் இல்லை, பாரிஸ்டர் இல்லாமல் வாதம் இல்லை. பம்பாய், கல்கத்தாவைவிட முன்னதாகவே மதராஸ் வக்கீல்கள் அந்தப் பக்கம் நுழைந்துவிட்டார்கள். இதை இந்தியர்களின் உரிமைப் போராட்டம் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. வெள்ளைக்காரருக்கும், ஆங்கிலம் படித்த உயர்சாதி வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடந்த பங்குச் சண்டை அது என்றும் சேர்த்து எழுத வேண்டும். 1891-ல் சென்னை சட்டக் கல்லூரி வந்தது. 1908-ல் கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் என்ற நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. வணிக நிறுவனங்களுக்கு நிரந்தரமாக வேலை செய்யும் சட்ட நிறுவனம் என்ற வடிவம் இப்படி நம் மாகாணத்தில் வேர் பிடித்தது.

அதே காலத்தில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது வீதி, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றி நடமாடலாம், பயன்படுத்தலாம் என்பதற்கான தீர்மானம். கோர்ட்டுக் கட்டடமும் பொதுக் கட்டடம்தானே. ஒரு பக்கம் ஒரிஜினல் சைடில் யார் வாதாடுவது என்று வழக்கு. இன்னொரு பக்கம், வீதியில் நடக்கச் சட்டமன்றத் தீர்மானம். உயர் நீதிமன்றம் வந்து 62 ஆண்டுகள் கழிந்த பிறகு.

நம் கடற்கரையைப் பொறுத்தவரை ஒரு சிறு தகவல். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குத் தனி சீஃப் கோர்ட் உண்டு. ஆனால் மீமிசல் பகுதி சமஸ்தானத்தில் இல்லை. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை இது தஞ்சாவூர் ஜில்லா. ஜில்லா கோர்ட்டு வழக்கு என்றால் தஞ்சாவூருக்கும், மேல்முறையீடு என்றால் சென்னைக்கும் போக வேண்டும். தூரமும் ஒரு கட்டணம்தான். ரசீது மட்டும் தரமாட்டார்கள்.

இனி பம்பாய்க்குப் போவோம். அடுக்குமுறை ஒரு தலித் வக்கீலை என்ன செய்யும் என்பதற்கு அங்கே இருக்கும் சாட்சியத்தைவிடப் பெரிய சாட்சியம் இல்லை.

அம்பேத்கர் 1922-ல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் படித்தவர். நாடு திரும்பி 1923 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தொழில் நடத்தும் சன்னத்து வாங்கக் கையில் பணம் இல்லை. நண்பர் நவல் பத்தேனாவின் உதவியோடுதான் வாங்கினார். சன்னத்து கிடைத்துவிட்டது, வேலை கிடைக்க வேண்டுமே? பம்பாய் ஒரிஜினல் சைடில் சொலிசிட்டர் பிரீஃப் கொடுத்தால்தான் பாரிஸ்டருக்கு வேலை. சொலிசிட்டர் நிறுவனங்கள் யார் கையில் இருந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. படிப்பில் அவருக்கு இணையானவர்கள் அந்த வளாகத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ, பிரீஃப் மட்டும் அவரைத் தேடி வரவில்லை. சிறிய வழக்குகள், வெளியூர் கோர்ட்டுகள் என்று அலைந்தார். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்து வருமானத்தை ஈடுகட்டினார். யோசித்துப் பாருங்கள். வணிகச் சட்டத்தைப் பாடமாக நடத்தத் தகுதியுள்ளவருக்கு வணிக வழக்குகளின் வாசல் மூடியிருந்தது.

அவரிடம் வந்த வழக்குகளில் ஒன்று 1926-ல் புனேயில் நடந்தது. 'தேசாச்சே துஷ்மன்' என்ற மராத்தி நூலுக்காகப் பிராமணரல்லாத இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் மீது போடப்பட்ட அவதூறு வழக்கு. அம்பேத்கர் எதிரிகள் தரப்பில் நின்று ஜெயித்தார். இன்னொன்று மஹத் குளத்து வழக்கு. 1927 மார்ச்சில் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். டிசம்பரில் சாதி இந்துக்கள் சிவில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கினார்கள். கீழ்க் கோர்ட்டுகளைத் தாண்டி பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், 1937 மார்ச் 17-ல்தான் இறுதித் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. ஒரு வாய் தண்ணீருக்கு ஒன்பதேகால் ஆண்டு. நினைவுநாள் மேடைகளில் மஹத் போராட்டத்தைப் பேசுகிறோம். அந்த ஒன்பதாண்டு வாய்தாக்களைப் பேசுவதில்லை. அவ்வளவு காலம் கட்சிக்காரர்களிடமிருந்து பெரிய பீஸ் வராத ஒரு வழக்கைத் தாங்கிப் பிடித்த அலுவலகம் எது? பரேலில் தாமோதர் ஹாலில் இருந்த அவருடைய அலுவலகம். கட்சி அலுவலகமும், பத்திரிகை அலுவலகமும், வக்கீல் சேம்பரும் ஒன்றாகவே இருந்த இடம். நம்முடைய முதல் சட்ட நிறுவனம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அதைத்தான் நான் சொல்வேன்.

சென்னையில் என். சிவராஜ் இருந்தார். சட்டம் படித்து, சட்டக் கல்லூரியிலேயே பாடம் நடத்தியவர், 1945-ல் சென்னை மேயர் ஆனவர், அகில இந்திய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் தலைவர். அவரை அரசியல் தலைவராகவே நினைவு வைத்திருக்கிறோம். சட்ட ஆசிரியராக அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு மாணவர் ஆய்வு செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றம் 1950-ல் தொடங்கியது. அதில் முதல் தலித் நீதிபதியாக சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஏ. வரதராஜன் போய் உட்கார்ந்தது 1980 டிசம்பரில்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பெரிய மாற்றம் 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம். பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற பிரிவுகள் போய், 'அட்வகேட்' என்ற ஒரே வகுப்பு வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒட்டிக்கொண்டிருந்த அட்டர்னி முறையும் 1976-ன் திருத்தத்தால் ஒழிந்தது. அம்பேத்கருக்குப் பிரீஃப் மறுத்த அந்த ஏற்பாடு அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்துச் செத்தது.

அந்தச் சட்டத்தின் 24-வது பிரிவை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மாநில பார் கவுன்சிலுக்கு 100 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 25 ரூபாய், ஆக 125. நாடாளுமன்றம் யோசித்து எழுதிய தொகை அது. சேரியிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி வாசலில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வரி.

நடைமுறையில் என்ன நடந்தது? கட்டடநிதி, நலநிதி, அடையாள அட்டை, சரிபார்ப்பு, விண்ணப்பப் படிவம் என்று பல தலைப்புகளில் மாநில பார் கவுன்சில்கள் வாங்கியது 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய் வரை என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். 125 ரூபாய் என்று சட்டம் சொல்கிற ஒருவர் ஐந்து வருடம் கடன் வாங்கிப் படித்து முடித்து, கறுப்புக் கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்து நின்றால், முதல் அனுபவமே சட்டத்தைக் காக்கும் அமைப்பு சட்டத்தை மீறுவதுதான். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் அந்தக் கவுண்டரில் பணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ரசீதைப் பார்த்திருப்பார்கள். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் நிலையில் அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பதிவு நடக்க வேண்டுமே.

2024 ஜூலை 30-ல் கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு. சட்டத்தில் எழுதியிருக்கும் 750, 125 ரூபாய்க்கு மேல் பதிவின்போது ஒரு பைசா வாங்கக் கூடாது. அதிகக் கட்டணம் விளிம்புநிலை மக்களைத் தொழிலுக்குள் வரவிடாமல் தடுக்கிறது, அது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. கூடவே இன்னொன்றும் சொன்னது: தீர்ப்பு இனிமேல்தான் பொருந்தும், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை வீட்டு நகை அந்தக் கவுண்டருக்குள் போயிருக்கும்!

அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு உத்தரவு போட்டது. ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகைகளைப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான். எந்த சேம்பரில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தணிக்கை செய்ய ஆள் இல்லை. சீனியரின் மகனுக்கும் மருமகனுக்கும் இந்தத் தொகை தேவைப்படாது. ஆவுடையார்கோவிலிலிருந்து வந்து மதுரையில் அறை எடுத்துத் தங்குபவருக்கு, அவர் இரண்டாவது வருடமும் தொழிலில் இருப்பாரா இல்லையா என்பதையே இந்தத் தொகை தீர்மானிக்கும்.

மாதச் சம்பளம் என்று வரும்போது பெரிய சட்ட நிறுவனங்களைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சேம்பர் முறையில் இல்லாத ஒரு நல்ல அம்சம் அங்கே உண்டு: வேலைக்குச் சம்பளம். ஆனால் அவர்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்து. திருச்சிக்குப் பக்கத்தில் நவலூர் குட்டப்பட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. மீமிசலிலிருந்து பார்த்தால் சென்னையைவிடக் கிட்டத்தில். அதில் சேர எழுத வேண்டிய கிளாட் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. கட்டணம் போன இடத்தில் மொழி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி இந்த நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், நமக்கு நேரடி வேலை அதில் குறைவு. ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பங்குதாரர்களுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை, 2008-ன் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தின் வழியாகத் தாண்ட முடிந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் வரக் கூடாது என்று ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2012-ல் தீர்ப்பு: தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல வந்து போகலாம், இங்கே தொழில் நடத்தக் கூடாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சில திருத்தங்களோடு அதையே சொன்னது. 2023-ல் இந்திய பார் கவுன்சில் விதிகள் வகுத்து, வெளிநாட்டுச் சட்டம் தொடர்பான வேலைக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. 2025-ல் அந்த விதிகளைத் திருத்தியது. கோர்ட்டில் ஆஜராகும் வேலை அவர்களுக்கு இல்லை. பாலாஜி வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது: வெளிநாட்டு வக்கீல்களின் ஆவண வேலையைக் கூலிக்குச் செய்யும் 'பி.பி.ஓ.' நிறுவனங்கள். சட்டத் தொழிலிலேயே கூலிவேலை என்று ஒன்று அப்படித்தான் பிரிந்தது. அதற்கு மட்டும் நம் பிள்ளைகளை எடுக்கத் தயக்கம் இருக்காது.

விளம்பர விஷயம் அப்படியில்லை, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36-வது விதி சொல்கிறது. 2008-ல்தான் இணையதளத்தில் பெயர், முகவரி, தகுதி போன்ற விவரங்களைப் போட அனுமதித்தார்கள். குவிக்கர், சுலேகா, ஜஸ்ட் டயல் போன்ற தளங்களில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திரம் கொடுத்து, விலை குறித்து விற்பது நடந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்து, சம்பந்தப்பட்ட வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர் தொழில் வியாபாரம் அல்ல, சேவை என்றது.

தீர்ப்பின் கவலை புரிகிறது. பணம் கட்டினால் மேலே வரும் பட்டியல் ஏழைக் கட்சிக்காரரை ஏமாற்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாத்தா பெயரில் தெரு, அப்பா பெயரில் சேம்பர், மாமா மாவட்ட நீதிபதி என்று இருப்பவருக்கு விளம்பரம் எதற்கு? அவருடைய சாதிச் சங்கம், கோயில் கமிட்டி, கல்யாணப் பத்திரிகை எல்லாமே விளம்பரம்தான். தடை யாரைக் கட்டுகிறது? பெயர்ப் பலகையைத் தவிர வேறு எதுவும் இல்லாதவரை. தளங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சேவை என்ற சொல்லுக்கு அடியில் யாருடைய பரம்பரை சொத்தாகப் பாதுகாக்கப்படுகிறது என்று பாருங்கள் என்கிறேன்.

இந்தக் கடற்கரையில் சட்டம் வந்த விதத்துக்கு ஓர் உதாரணம். 1990-களில் இறால் பண்ணைகள் வந்து வயல்களையும் குடிநீரையும் கெடுத்து, விவசாயக் கூலிகளின் வேலையைப் பறித்தபோது, கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு: கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும், வேலை இழந்தவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும். பண்ணை முதலாளிகளின் சட்ட ஆலோசகர்கள் சும்மா இருக்கவில்லை. மறுஆய்வு மனுக்கள் போயின, 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. பண்ணைகள் உரிமம் வாங்கித் தொடர்ந்தன. இன்று மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் யாருக்கும் சாட்சி தேவைப்படாது. ஒழுங்குமுறை மாறும்போது அதோடு சேர்ந்து மாறத் தெரிந்த சட்ட நிறுவனம் எந்தத் தரப்பில் இருக்கிறதோ அந்தத் தரப்பு, தோற்ற வழக்கையும் ஜெயிக்கிறது.

இப்போது தொழில்நுட்பம்.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலை என்று முடித்துவிட வாய்ப்புள்ள வழக்கு. கோயிலின் கண்காணிப்பு கேமரா அவர் உள்ளே வந்ததையும் அழைத்துச் செல்லப்பட்டதையும் பதிவு செய்திருந்தது. கேமரா இருந்ததால் நீதி கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. முக்கியமான சாட்சி பிறழ்ந்தார். எதிர்த்தரப்பு அந்தப் பதிவையே கேள்விக்கு உள்ளாக்கியது. கோகுல்ராஜின் தாய் உயர் நீதிமன்றம் போய் வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். அரசுச் சிறப்பு வழக்கறிஞராக ப.பா. மோகன் வந்தார். பாதிக்கப்பட்டவர் தரப்பு தன் வழக்கறிஞரைக் கேட்டுப் பெற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். கேமராவின் பதிவு கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கப்பட, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, யார் பொறுப்பில், எப்படி நகலெடுத்தது என்ற ஒவ்வொரு கண்ணியும் சரியாக இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் கோயில் கேமரா வெறும் கண்ணாடிக் கண். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2-ல் தண்டனையை உறுதி செய்தார்கள். எட்டு ஆண்டுகள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்த மாதிரி கேட்டார்கள். தண்ணீர் குடித்துப் பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்கிறீர்களே என்று குடியிருப்பில் பலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது. செல்பேசியிலிருந்து எடுத்த படங்களும் உரையாடல்களும் ஆதாரம் என்றார்கள். கோர்ட்டில் சோதிக்கப்படும் முன்பே அவை ஊடகங்களில் ஓடின. குடியிருப்பு மக்களும் விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் இதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். யார் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, அது விசாரணையில் வர வேண்டும். நான் காட்ட விரும்புவது அடுத்து நடந்த ஒரு சிறிய நடைமுறை விஷயம்.

குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. எனவே 2025 பிப்ரவரியில் வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சாதாரணமான மாற்றம்போலத் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தின் 15-ஏ பிரிவு, 2015-ன் திருத்தத்தில் வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல உரிமைகளைத் தருகிறது. ஜாமீன் மனு உள்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னறிவிப்பு பெறும் உரிமை, வாதத்தைச் சொல்லும் உரிமை, சாட்சிப் பாதுகாப்பு. அதன் 10-வது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான எல்லா நடவடிக்கைகளும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்குக் கட்டு நகர்ந்ததும் அந்த கேமராவைக் கேட்கும் உரிமையும் கூடவே போய்விடுகிறது. திருச்செங்கோட்டில் கேமரா நமக்குச் சாட்சி. வேங்கைவயலில் செல்பேசி நம்மீது சாட்சி, விசாரணையைப் பதிவு செய்யும் கேமரா இல்லை. கருவி ஒன்றுதான். அதை யார் கேட்டுப் பெறலாம் என்ற சட்டவரி வேறு.

அந்த 10-வது உட்பிரிவு சும்மா கிடைத்துவிடவில்லை. மும்பையில் மருத்துவ மாணவி பாயல் தட்வியின் மரண வழக்கில், 2019-ல் ஜாமீன் விசாரணையையும் பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஜாமீனும் இதில் அடங்கும் என்று பிறகு மும்பை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. கேட்டவர்கள் இருந்ததால் சொன்னது. தமிழ்நாட்டின் சிறப்பு நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகளில் நம் தரப்பு இதற்கு எழுத்தில் மனு கொடுக்கிறது என்று இங்கே இருக்கும் செயல்பாட்டாளர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு மாற்றம், 2024 ஜூலை 1 முதல். சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதினியம் வந்தது. 65-பி-யின் இடத்தில் 63-வது பிரிவு. மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். அந்தக் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு, அதாவது அது மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணும், குறிக்கப்பட வேண்டும். மும்பையின் பெரிய நிறுவனத்தில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். 2017-லேயே சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் ஒப்பந்தங்களைப் படிக்க கைரா என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வாங்கியது. அறந்தாங்கியில் தனியாகத் தொழில் நடத்தும் நம் வழக்கறிஞர், ஊர்த் திருவிழாவில் அடித்ததைப் பையன் ஒருவன் எடுத்த செல்பேசி வீடியோவுக்கு நிபுணரை எங்கே தேடுவார்? செலவு யாருடையது?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். பெரிய நிறுவனத்தில் இப்படி நடந்தால் அபராதத்தோடு போகும். முதல் தலைமுறை வழக்கறிஞர் இப்படி மாட்டினால், 'இவர்களை விட்டால் இப்படித்தான்' என்று ஒரு வரி காத்திருக்கிறது. எனவே சரிபார்க்காமல் எதையும் தாக்கல் செய்யாதீர்கள். இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்றம் 2019-ல் கொண்டுவந்த சுவாஸ் என்ற மொழிபெயர்ப்புக் கருவியால் தீர்ப்புகள் தமிழில் வரத் தொடங்கியிருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கோர்ட்டு மொழி இன்னும் ஆங்கிலம்தான். மனிதர்கள் மறுத்த மொழியை இயந்திரம் அரைகுறையாகக் கொடுக்கிறது. அரைகுறையைச் சரிசெய்யும் வேலையை எழுத்தாளர்களாகிய நாம் எடுத்துக்கொள்ளலாம், இலக்கிய அமைப்புக்கு இதில் உண்மையான வேலை இருக்கிறது.

தூரத்தைப் பற்றி முன்னால் சொன்னேன். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபிறகு புதுக்கோட்டை மாவட்டத்து வழக்குகள் சென்னை போக வேண்டியதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது காணொலி விசாரணை வந்தது, மதுரைக்கும் போகாமல் வாதாட முடிந்தது. இதில் லாபம் உண்மையானது, மறுக்கக் கூடாது. அதே வேகத்தில் இ-ஃபைலிங்கைக் கட்டாயமாக்கும் முயற்சிகள் வந்தபோது, மாவட்டங்களில் வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்தன. ஸ்கேனர், இணைய வசதி, உதவியாளர் இல்லாமல் எப்படி என்று கேட்டன. இந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது, முழுதாக நம்பிவிடவும் கூடாது. மனு எழுத்தரும் குமாஸ்தாவும் நடுவில் இருந்து வாங்கும் கட்டணம் குறைவதாலும் சிலருக்குக் கோபம் வரும். இணையச் சென்டர்காரர் புதிய மனு எழுத்தராக ஆகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

இலவசச் சட்ட உதவி என்ற ஏற்பாடு இருக்கிறதே என்பீர்கள். 1987-ன் சட்டத்தின் 12-வது பிரிவு, பட்டியல் சாதியினர் எவரும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெறலாம் என்கிறது. 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் புதிய முறை கொண்டுவந்தது: மாவட்டந்தோறும் முழுநேரச் சம்பளத்தில் வழக்கறிஞர்கள் உட்காரும் அலுவலகம். ஒருவகையில் அரசே நடத்தும் சட்ட நிறுவனம். நல்ல ஏற்பாடு, ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. நம்மில் பலர் அந்தப் பட்டியலிலும் இருப்பதால் அது தேவைதான். வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவருக்கு அதேபோல் முழுநேர அலுவலகம் இல்லை. அவருக்காக இதுவரை நின்றவை தனிமனிதர்களின் பைகள்.

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்கறிஞர் பொ. இரத்தினம் அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சேலத்தில் விசாரணை, 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் உறுதி. 2019 நவம்பரில் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்; அதை எதிர்த்தும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விருத்தாசலத்தில் 2003-ல் நடந்த கண்ணகி, முருகேசன் கொலை வழக்கிலும் அவரே. தீர்ப்பு 2021-ல், உச்ச நீதிமன்ற உறுதி 2025-ல். 22 ஆண்டுகள் ஒரு கட்டைச் சுமக்க ஒரு நிறுவனம் வேண்டும். அங்கே ஒரு மனிதர் சுமந்தார். அவருக்குப் பின் அந்தக் கட்டுகளை யார் வாங்கிக்கொள்வது, எந்த அலமாரியில் வைப்பது, எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?

பேரவையின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். இந்த ஆண்டுக்குள் ஆவுடையார்கோவில், மணமேல்குடி, அறந்தாங்கி வட்டங்களில் வன்கொடுமை வழக்குகளின் எண்களைத் திரட்டுவோம். ஒவ்வொன்றிலும் 15-ஏ பிரிவின் கீழ் வீடியோ பதிவுக்கு மனு கொடுக்கப்பட்டதா, ஜாமீன் அறிவிப்பு வந்ததா என்று குறிப்போம். செல்பேசி வீடியோ இருந்தால் அசல் செல்பேசியை அழிக்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்வோம். அசல் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020 ஜூலையில், அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் சொன்னது. புதிய சட்டத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்த ஆண்டு சட்டம் முடித்துப் பதிவு செய்யப்போகும் மாணவர்கள் கையை உயர்த்துங்கள். கவுண்டரில் 125 ரூபாய்க்கு மேல் கேட்டால், எந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போக வேண்டாம், சேர்ந்தே போவோம்.